வாசகர் கேள்வி – பதில்: விலகுபவரை விசாரிக்கிறோம், இருப்பவரை?

கேள்வி: முப்பது பேர் பணிபுரியும் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். வெளியில் கிடைப்பதைவிட நான் கொடுக்கும் சம்பளம் குறைவில்லை. இருந்தும், வேலை நன்றாகப் பழகிவிட்டது, இனி இவரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்று நான் நினைக்கும் நேரம் பார்த்து, இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொருவராக விலகிவிடுகிறார்கள். ஆண்டுதோறும் சம்பளத்தை உயர்த்திக்கொண்டே போவதுதான் ஒரே வழியா?

பதில்: சம்பளத்தால் ஆட்களை நிறுத்திவைக்க முடியும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. நாள் முழுதும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை பிடிக்காமல், 1913-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஏறத்தாழ 14,000 இடங்கள் காலியாகாமல் பார்த்துக்கொள்ள அந்த ஓராண்டில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்டோரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஃபோர்டு நாள் கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி ஐந்து டாலர் என்று அறிவித்தார், ஒன்பது மணி நேர வேலையை எட்டு மணியாகக் குறைத்தார். ஓட்டம் வெகுவாக அடங்கியது. அந்த வேலை திடீரென்று பிடித்துப்போய் யாரும் தங்கவில்லை. அத்தகைய கூலி வேறெங்கும் கிடைக்காது என்பதால் தங்கினார்கள். நீங்கள் கொடுப்பதோ வெளியில் கிடைப்பதற்குச் சமமான சம்பளம். அது யாரையும் விரட்டாது. யாரையும் பிடித்துவைக்கவும் செய்யாது.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு 1959-இல் வெளியிட்ட முடிவும் இதை ஒட்டியதுதான்: சம்பளமும் மேற்பார்வையும் நிர்வாக விதிகளும் கெட்டால் மனக்கசப்பு உண்டாகும், ஆனால் அவை ஒழுங்காக இருப்பதால் மட்டும் வேலையில் பிடிப்பு உண்டாகிவிடாது; பிடிப்பைத் தருபவை பொறுப்பும் அங்கீகாரமும் ஒன்றைச் செய்து முடித்தோம் என்ற நிறைவும். அவருடைய ஆய்வு முறையைப் பின்னால் வந்தவர்கள் குறை கூறினார்கள். நல்லது நடந்தால் என்னால், கெட்டது நடந்தால் மேலாளரால் என்று சொல்வது மனித சுபாவம்தானே! ஆனாலும் பொறுப்பைப் பற்றி அவர் சொன்னதை உங்கள் கடிதமே உறுதிப்படுத்துகிறது. பொறுப்பை ஒப்படைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றுவது இரண்டாம் ஆண்டின் முடிவில். அவருக்கு வேலை பிடிபட்டது அநேகமாக ஆறாம் மாதத்தில். இடைப்பட்ட காலம் முழுவதும், தானே தயாரித்த கடிதத்தில் கையெழுத்து வாங்க உங்கள் அறை வாசலில் நிற்பவர், இந்த இடத்தில் தனக்கு இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்.

சம்பளத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தொகையைவிட ஒப்பீடுதான் அதிகம் வலிக்கும். பத்தாண்டு அனுபவமுள்ள ஒருவர் புதிதாகச் சேர்ந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று மாதம் வேலை கற்றுத்தருகிறார். ஒரு நாள் அச்சுப்பொறியில் யாரோ மறந்துவிட்டுப் போன தாளில், அந்தப் புதியவரின் சம்பளம் தன்னுடையதைவிட அதிகம் என்று காண்கிறார். அதுவரை அவருக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. அன்று மாலையே பழைய சுயவிவரக் குறிப்பைத் தேடி எடுக்கிறார். மனக்கசப்பு மெல்ல மெல்லச் சேர்ந்துதான் ஒருவர் விலகுகிறார் என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறாக, ஒரு நிகழ்ச்சி தரும் அதிர்ச்சியாலும் பலர் விலகுகிறார்கள் என்று தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல் என்ற ஆய்வாளர்கள் 1994-இல் விளக்கினார்கள். வெளியாட்களுக்குச் சந்தை விலையும் உள்ளே இருப்பவர்களுக்குப் பழைய விலையும் வைத்திருக்கும் நிறுவனங்கள் இந்த அதிர்ச்சியைத் தாமே தயாரித்து வைத்திருக்கின்றன.

அதே மிட்செலும் அவருடைய குழுவினரும் 2001-இல் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: ஏன் போகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, ஏன் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். உடன் பணிபுரிபவர்களோடும் வசிக்கும் இடத்தோடும் உள்ள தொடர்புகள், அந்த வேலையும் சூழலும் தனக்குப் பொருந்துகின்றன என்ற எண்ணம், விலகினால் இழக்க நேரிடுபவை என்று மூன்று இழைகளை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். உங்களிடம் நான்கைந்து ஆண்டுகளாக இருப்பவர் இரண்டு பேராவது இருப்பார்கள். விலகுபவரிடம் கடைசி நாளில் காரணம் கேட்டால், நற்சான்றுக் கடிதத்தை நினைத்து இனிமையாகத்தான் பேசுவார். இருப்பவரைத் தனியே அழைத்து, கடைசியாக எப்போது விட்டுவிடலாம் என்று நினைத்தீர்கள், அன்று என்ன நடந்தது, பிறகு ஏன் விடவில்லை என்று கேளுங்கள்; பதில் சொன்னதற்காக அவருக்குத் தீங்கு வராது என்ற நம்பிக்கை இருந்தால் உண்மையைச் சொல்வார்.

கேள்வி: பதினாறு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் இருக்கிறேன். இது விசுவாசம் இல்லை, சோம்பல் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். நான் செய்வது தவறா?

பதில்: வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாத் தங்குதலும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஜான் மேயர், நேட்டலி ஆலன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991-இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: விரும்பித் தங்குவது, போனால் நஷ்டம் என்பதால் தங்குவது, போவது முறையல்ல என்ற கடமையுணர்ச்சியால் தங்குவது. நீங்கள் எந்த வகை என்பதை நண்பர்கள் சொல்ல முடியாது. இதே சம்பளத்தில், இதே தூரத்தில், வேறொரு வேலை நாளையே கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐயோ, அந்தப் பாதி வேலையை யார் முடிப்பது’ என்று மனம் முதலில் பதறினால், நண்பர்களின் கேலியைப் பொருட்படுத்த வேண்டாம். உடனே ராஜினாமாக் கடிதத்தின் வாசகம் நினைவுக்கு வந்தால், உங்களை நிறுத்திவைத்திருப்பது வேலையன்று, வழக்கம்.

கேள்வி: ராஜினாமாக் கடிதம் கொடுத்தவருக்குச் சம்பளத்தை உயர்த்தித் தக்கவைத்துக்கொள்ளலாமா?

பதில்: அவர் சொன்ன காரணம் சம்பளம் மட்டுமே என்றால் தரலாம். மற்றபடி, மேலாளரின் ஏச்சுக்காகப் போகிறவர் கூடுதல் பணத்தோடு அதே மேலாளரிடம்தான் திரும்புகிறார். இன்னொரு சங்கடமும் உண்டு: கடிதம் கொடுத்தால்தான் உயர்வு என்பது மதிய இடைவேளைக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும். அந்தத் தொகை அவருக்கு உரியதுதான் என்றால், போன ஆண்டே ஏன் தரவில்லை என்று அடுத்த மேஜைக்காரர் கேட்பார். அவருக்கான பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.