வாசகர் கேள்வி–பதில்: சுமத்ரா கோட்டையும் காப்புறுதி விண்ணப்பப் பாரமும்

கேள்வி: காப்புறுதியில் 'உச்ச நன்னம்பிக்கை' (ஒப்பந்தத்தில் இரு தரப்பும் முழு நேர்மையோடு நடப்பது) என்ற கோட்பாட்டை லார்ட் மேன்ஸ்ஃபீல்ட் வகுத்தார் என்கிறார்கள். யார் அவர்? விண்ணப்பப் பாரத்தில் கேட்காததையும் நான் சொல்ல வேண்டுமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வில்லியம் மர்ரே என்பது இயற்பெயர். 1705-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1756 முதல் 1788 வரை இங்கிலாந்தின் தலைமை நீதிபதி. வணிகர்களையே ஜூரிகளாக அமர்த்தி, அவர்களின் வழக்கத்தைக் கேட்டறிந்து சட்டமாக்கியது அவருடைய பெரும் சாதனை.

நீங்கள் கேட்கும் கோட்பாடு பிறந்த வழக்கு நமக்கு அக்கம்பக்கத்து விவகாரம்தான். சுமத்ராவின் பெங்கூலனில் இருந்த மார்ல்பரோ கோட்டையின் கவர்னர் கார்ட்டர், எதிரி கோட்டையைப் பிடித்தால் இழப்பீடு கிடைக்கும்படி லண்டனில் காப்புறுதி எடுத்திருந்தார். 1760-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தும் விட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதை மறைத்துவிட்டார் என்று சொல்லி, காப்புறுதி கொடுத்த போஹம் பணம் தர மறுத்தார். 1766-ல் மேன்ஸ்ஃபீல்ட் சொன்னது: தனக்கு மட்டும் தெரிந்ததை மறைக்கக் கூடாது, இது இரு தரப்புக்கும் பொருந்தும். ஆனால், காப்புறுதி தருபவர் தாமே அறிந்திருக்க வேண்டியதைச் சொல்லத் தேவையில்லை. கார்ட்டர் வென்றார். பலர் கோட்பாட்டின் முதல் பாதியை மட்டும் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். தீர்ப்பைத் தீர்மானித்தது இரண்டாம் பாதி.

இன்று மலேசியாவில் 2013 நிதிச் சேவைச் சட்டத்தின் 9-வது அட்டவணையைப் பாருங்கள். தொழில் தொடர்பில்லாத சொந்தக் காப்புறுதி என்றால், நிறுவனம்தான் குறிப்பாகக் கேட்க வேண்டும். கேட்டதற்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொல்வது உங்கள் கடமை. சிக்கல் வருவது பெரும்பாலும் முகவர் எழுதி, நீங்கள் படிக்காமல் கையெழுத்திடும்போதுதான். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே 'இல்லை' என்று குறித்திருந்தால், தவறுக்குப் பொறுப்பு உங்கள் மேல் விழக்கூடும். கையெழுத்திடும் முன் ஒவ்வொரு பதிலையும் படியுங்கள், ஒரு நகல் வாங்கி வையுங்கள். ஆயுள் காப்புறுதியில் இரண்டு ஆண்டுகள் கடந்தபின், மோசடியை நிரூபித்தால்தான் நிறுவனம் தவறான தகவலைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்துசெய்ய முடியும்.

கேள்வி: பினாங்கு உயர் நீதிமன்றம் முன் உள்ள நினைவுச்சின்னம் யாருடையது?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன். ஐரோப்பியர் அல்லாதோரின் உரிமைகளுக்காக வாதாடியவர். 'இந்தோனேசியா' என்ற சொல்லை 1850-ல் தம் இதழில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் இவரே. 1869-ல் இறந்தார். ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் உள்ள பழைய புரோட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார்.