புற்றுநோய்க்குச் சீன மருத்துவம் ‘துணை சிகிச்சை’ என்றால் என்ன?

கட்டியைக் கரைப்பது அதன் வேலை இல்லை. புற்றுநோய்க்கான கீமோ மருந்து தரும் குமட்டல், வலி, களைப்பைத் தணிப்பதுதான். பஸ்ஸை ஓட்டுவது இன்ஜின், குலுக்கலைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் இல்லையா, அது மாதிரி.

உதாரணத்துக்கு, சீன ஊசி மருத்துவமான அக்குபங்சர். கையின் உட்பக்கம், மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ‘நெய்குவான்’ என்ற புள்ளி இருக்கிறது. அங்கே முடி போல மெல்லிய ஊசியைச் செருகுவார்கள். வாந்தியைத் தூண்டும் நரம்புச் சமிக்ஞைகளை அது மட்டுப்படுத்துவதாகக் கருதுகிறார்கள். கீமோ குமட்டலுக்கு இது பலன் தருவதாக 1997-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழுவே சொன்னது. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் ரொம்பக் குறைந்திருந்தால் மட்டும் ஊசியைத் தள்ளிப்போடுவது வழக்கம்.

அப்புறம், “மூலிகைதானே, என்ன ஆகிவிடும்?” என்று பலர் நினைக்கிறார்கள், சில மூலிகைகள் கீமோ மருந்தைக் கல்லீரல் உடைக்கும் வேகத்தையே மாற்றிவிடும், அதனால் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லாமல் கஷாயம் குடிக்காதீர்கள்.