சித்தப்பா பிள்ளைகள் மரத்தில் ஏன் தெரியவில்லை?

கேள்வி: நான்கு தலைமுறை, ஏறக்குறைய 80 பேரின் விவரத்தை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் ஒரு குடும்ப மரத் தளத்தில் ஏற்றிவிட்டேன். ஆனால் படத்தில் நான், பெற்றோர், தாத்தா பாட்டிகள் என்று நேர்வரிசை மட்டும்தான் வருகிறது. சித்தப்பா, அத்தை பிள்ளைகளைக் காணோம். கொள்ளுப்பாட்டி ஒருவரோ இரண்டு இடத்தில் நிற்கிறார். தளத்தை மாற்ற வேண்டுமா? எல்லோரையும் ஒரே தாளில் அச்சிட முடியுமா?

பதில்: தளத்தை மாற்ற வேண்டாம். நீங்கள் ஏற்றிய 80 பேரும் உள்ளே பத்திரமாகத்தான் இருப்பார்கள். நீங்கள் திறந்து பார்ப்பது முன்னோர் வரைபடம். ஒருவரிடமிருந்து மேல்நோக்கிப் போவதுதான் அதன் வேலை: பெற்றோர் 2, அவர்களுடைய பெற்றோர் 4, அப்புறம் 8, 16. உடன்பிறந்தவர்களுக்கு அதில் இடமே கிடையாது. உங்கள் சொந்த அண்ணன்கூட வரமாட்டார், அப்புறம் சித்தப்பா எப்படி வருவார்?

இப்போது தாத்தாவின் பெயரைச் சொடுக்கி, வழித்தோன்றல் வரைபடத்துக்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான தளங்களில் 'டிசென்டன்ட்' என்று இருக்கும். சித்தப்பா, அத்தை, அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் வந்து நிற்பார்கள். ஆனால் அம்மா வழி உறவு மொத்தமும் காணாமல் போகும். அதுவும் பிழையில்லை. அந்தப் படம் தாத்தாவின் வாரிசுகளைப் பற்றியது. அம்மாவின் அப்பா அதில் வர வழியில்லை. நடுவில் ஒருவரை நிறுத்தி, மேலே முன்னோரையும் கீழே வாரிசுகளையும் காட்டும் மணற்கடிகார வடிவமும் சில தளங்களில் உண்டு. தாத்தாவை நடுவில் வைத்தால் உங்கள் நோட்டுக்கு அதுதான் கிட்டத்தட்டப் பொருந்தும். விசிறி வடிவம் பார்க்க அழகு, சுவரில் மாட்ட நல்லது. ஆனால் அதுவும் முன்னோர் படம்தான், சித்தப்பா அதிலும் கிடையாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பாதி தீரும். நம் மொழியில் உறவுக்கு எத்தனை சொல்! சித்தப்பா, பெரியம்மா, அத்தை, மாமா, மைத்துனி, ஓரகத்தி. மென்பொருளுக்கோ அடிப்படையில் இரண்டே உறவுதான் தெரியும்: இவருக்கும் இவருக்கும் பிறந்த பிள்ளை, இவரும் இவரும் தம்பதி. சித்தப்பா என்பவர் 'அப்பாவின் பெற்றோருக்குப் பிறந்த இன்னொரு பிள்ளை', அவ்வளவே. ஆகவே பெற்றோர் பெட்டி காலியாக இருந்தால் உறவு அறுந்துவிடும். இரண்டு பேர் அண்ணன் தம்பி என்பது உறுதி, பெற்றோர் பெயர்தான் தெரியவில்லை என்றால், 'பெயர் தெரியாதவர்' என்று ஒரு தம்பதியை உண்டாக்கி இருவரையும் அதன் கீழ் சேருங்கள். இரண்டு திருமணம் செய்தவருக்கும் இதே கவனம் வேண்டும். பிள்ளையை எந்தத் தம்பதியின் கீழ் சேர்க்கிறீர்கள் என்று பார்த்துச் சேருங்கள்.

இனி கொள்ளுப்பாட்டி. இரண்டு பெட்டிகளையும் தனித்தனியாகச் சொடுக்கி, திறக்கும் பக்கத்தின் முகவரியையோ அவருடைய அடையாள எண்ணையோ ஒப்பிடுங்கள். வேறுவேறாக இருந்தால் ஒரே ஆளை இரண்டு முறை பதிந்திருக்கிறீர்கள், இணைத்துவிடுங்கள். ஒன்றாக இருந்தால் கை வைக்காதீர்கள். உறவுக்குள் திருமணம் நடந்த குடும்பங்களில் அப்படித்தான் வரும், அரச குடும்பங்கள் உட்பட.

ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸ் (1661–1700) இதற்கு நல்ல உதாரணம். அவருடைய அப்பா நான்காம் பிலிப் மணந்தது தன் தங்கை மகளை. முன்னோருக்கு எண் போடும் பழைய முறை ஒன்று உண்டு. 1590-இலேயே மைக்கேல் ஐட்சிங்கர் பயன்படுத்தியது, இன்றும் பல மென்பொருள்களில் இருக்கிறது. நீங்கள் 1. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. சார்லஸுக்கு இப்படி எண் போட்டால் அப்பா 2, அம்மா 3, அப்பாவைப் பெற்ற மூன்றாம் பிலிப் 4, மார்கரெட் 5. அம்மாவின் அம்மா 7. அவரைப் பெற்றவர்கள் 14, 15 என்று போனால் அங்கே நிற்பவர்களும் அதே மூன்றாம் பிலிப், அதே மார்கரெட்! ஆள் ஒருவர், எண் இரண்டு. உங்கள் கொள்ளுப்பாட்டிக்கும் இப்படி இரண்டு எண் வருகிறதா என்று நோட்டிலேயே போட்டுப் பாருங்கள்.

தேதி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு பெரியவரின் பிறந்த தேதி தெரியாமல், பெட்டி காலியாக இருக்கிறதே என்று ஜனவரி 1 என்று போட்டு வைத்தேன். சில வருடம் கழித்து உறவினர்கள் அந்த நாளில் அவருக்குப் பிறந்தநாள் அஞ்சலி போட ஆரம்பித்துவிட்டார்கள். மறுத்துச் சொன்னால், 'மரத்திலேயே இருக்கிறதே' என்கிறார்கள். பெரும்பாலான தளங்கள் 'சுமார் 1932', '1950-க்கு முன்' போன்ற தேதிகளை ஏற்கும். அதைப் பயன்படுத்துங்கள். யார் சொன்ன தகவல் என்று குறிப்புப் பெட்டியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அச்சுக்கு வருவோம். கடைசித் தலைமுறையில் 40 பேர், ஒரு பெட்டி 3 செ.மீ. அகலம் என்றால் படம் 120 செ.மீ. ஓடும். ஏ0 தாளின் நீளமே 118.9 செ.மீ.தான்! படத்தை இடமிருந்து வலமாகத் திருப்பிவிடுங்கள். ஒரு பெயருக்கு 1 செ.மீ. உயரம் போதும், 40 பெயரும் 40 செ.மீ.யில் அடங்கும். 59.4 செ.மீ. நீளமுள்ள ஏ2 தாளை நிமிர்த்தி வைத்தால் தாராளம். திரையைப் படம்பிடித்து அச்சுக்குக் கொடுக்காதீர்கள், எழுத்து மங்கிவிடும். பிடிஎஃப் ஆக இறக்குங்கள்.

அச்சிடுவதற்கு முன்பே இன்னொரு வேலை இருக்கிறது. ஃபேமிலிசர்ச், விக்கிட்ரீ போன்றவை உலகத்துக்கே பொதுவான ஒரே மரம். காலமானவர்களின் விவரத்தைப் பிறரும் திருத்தலாம். உங்கள் தளம் எந்த வகை என்று பாருங்கள். எதுவானாலும் உயிரோடு இருப்பவர்களின் விவரத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறையுங்கள். பிறந்த தேதியும் அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயரும் பல இடங்களில் கடவுச்சொல்லை மீட்கும் கேள்விகள். அப்புறம் மொத்தத் தரவையும் ஜெட்காம் கோப்பாக இறக்கி வையுங்கள். 1984-இல் தொடங்கிய இந்த வடிவத்தை அநேகமாக எல்லா மரத் தளங்களும் படிக்கும். எழுத்துக் குறியீட்டைக் கேட்டால் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடலாம். புகைப்படங்கள் பெரும்பாலும் இந்தக் கோப்போடு வராது, தனியாக இறக்க வேண்டும்.

இறக்கிய கோப்பை கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து எண்ணிப் பாருங்கள். 80 பேர் இருந்தால் சரி. 81 வந்தால், அந்தக் கொள்ளுப்பாட்டியை மறுபடி ஒருமுறை பாருங்கள்.