கிராவல் குவாரிக்கு விட்ட நிலத்தில் மேல்மண்ணைப் பத்திரப்படுத்தினால் திரும்ப விவசாயம் செய்ய முடியுமா?

கேட்டிருப்பவர் மதுரைப் பக்கம் மூன்று ஏக்கர் செவல் காட்டைக் கிராவல் எடுக்கக் கொடுக்கப் போகிறார். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்தால், பிற்பாடு அந்தக் குழியில் வெள்ளாமை வருமா என்பது அவர் சந்தேகம்.

வரும். ஆனால் அள்ளுவதில் பெரிய வித்தை இல்லை, வைப்பதில்தான் இருக்கிறது. மேலூர்ப் பக்கம் எங்கள் காட்டில் பாதியைத் தப்பாகவும் பாதியைச் சரியாகவும் செய்தவன் நான்.

எங்கள் காட்டில் மேலே ஒரு அடிக்குச் செவல், அதற்குக் கீழே சரளை, இன்னும் கீழே சுக்கான். கிராவல் என்று டிப்பரில் ஏறி ரோட்டு வேலைக்குப் போவது இந்தச் சரளைதான். மக்கு, மண்புழு, வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை, புல் விதை எல்லாம் அந்த ஒரு அடிக்குள்தான். அது போனால் மிச்சமிருப்பது வெறும் பொட்டல்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஒரு அடி ஆழம் வழித்தால் சுமார் 435 யூனிட் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி). வெட்டிய மண் உப்பும். கால் பங்கு கூடுதலாக வைத்தால் 540 யூனிட்டைத் தாண்டும். மூன்று யூனிட் டிப்பரில் 180 நடை. ஐந்தடி உயரத்துக்குக் குவித்தாலே 25 சென்ட் அடைபடும், சரிவோடு சேர்த்தால் இன்னும் கூட. குத்தகைக்காரர் இடத்தை மிச்சம் பிடிக்க மண்ணை மேலே மேலே ஏற்றுவது இதனால்தான். நாம் ஏமாறுவதும் அங்கேதான்.

எங்களுக்கு அப்படித்தான் ஆனது. கார்த்திகை மழை விட்டு நாலே நாள், ஈரத்தோடு வழித்தார்கள். ஹிட்டாச்சிக்காரத் தம்பியிடம் கேட்டதற்கு, "மண்ணுதானண்ணே, எங்க போயிரப் போவுது" என்றான். மூலையில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேடு ஏறியது. மூன்று வருடம் கழித்து வெட்டினால், மேலே ஒரு முழம்தான் மண்ணாக இருந்தது. உள்ளே சாக்கடை வாடை. காற்றுப் போகாமல் உயிரெல்லாம் அடங்கிவிட்டது. வெயிலில் காய்ந்ததும் கட்டிகள் செங்கல் மாதிரி இறுகி, மண்வெட்டி பட்டால் 'டங்' என்றது.

அடுத்த பாதியைச் சித்திரையில், மண் காய்ந்திருக்கும்போது வழித்தோம். ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். கொழுக்கட்டையாகப் பிடிபட்டால் அன்றைக்கு வண்டியை இறக்காதீர்கள். இந்த முறை வேலி ஓரமாக, கண்மாய்க் கரை மாதிரி நீளமாக, நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாமல் போட்டோம். கோடை மழை ஒன்று கிடைத்ததும் அதன் மேல் பசுந்தாள் உரப் பயிர்களான சணப்பும் கொழுஞ்சியும் விதைத்தோம். அம்மியே பறக்கும் ஆடிக்காற்றில் மூடாக்கு இல்லாத பொடிமண் எம்மாத்திரம்? அப்புறம், விதைக்காமல் விட்டால் சீமைக்கருவேலம் தானாக வந்துவிடும். நம் மேல்மண்ணில் அதன் விதைக்குக் குறைச்சலே இல்லை. பிறகு அந்தக் கரையை வெட்டியபோது வேர் பின்னிக் கிடந்தது, மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

இதைவிட நல்ல வழி, குவிக்காமலே இருப்பது. நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, இரண்டாவது துண்டில் வழிக்கும் மண்ணை வேலை முடிந்த முதல் துண்டில் நேராகக் கொட்டிவிடலாம். மூன்று ஏக்கரில் இது தாராளமாக நடக்கும்.

திரும்பப் பரப்பும்போது எல்லோரும் செய்யும் தப்பு, டிப்பர் ஓடி இறுகிய தரையின் மேல் அப்படியே கொட்டுவது. வேர் இறங்காது, தண்ணீரும் இறங்காது. முதலில் பக்கெட் பல்லால் தரையை ஒன்றரை அடிக்காவது கிளறிவிடச் சொல்லுங்கள். செங்குத்தாக நிற்கும் ஓரங்களைச் சாய்த்துவிடுங்கள். மண்ணைக் கடைசி மூலையிலிருந்து கொட்டிக்கொண்டே பின்னால் வரவேண்டும், பரப்பியதன் மேல் வண்டி ஏறவே கூடாது. ஆவணிக்குள் முடித்துத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதால் ஐப்பசி மழை வீணாகாது. குழியின் ஆழம் இரண்டு ஆளைத் தாண்டினால் வெள்ளாமை ஆசையை விட்டுவிடுங்கள், அது குட்டைதான். மண்ணைச் சரிவில் போட்டு மரம் வைக்கலாம்.

2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அந்த அனுமதியில் மேல்மண்ணைப் பற்றி என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்று வாங்கிப் படியுங்கள். அதோடு விடாமல், மேடு எங்கே, எத்தனை அடி உயரம், ஒரு நடை கூட வெளியே போகக்கூடாது என்று உங்கள் ஒப்பந்தத்திலும் எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் செவலும் கிராவலோடு கிராவலாக ரோட்டுக்குப் போய்விடும்.

எங்கள் காட்டில் கரை மண் பரப்பிய பக்கம் இரண்டாம் வருடமே உளுந்து எடுத்தோம். மேட்டு மண் போட்ட பக்கம் துவரை இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை. இந்த வருடம் அங்கே எருவுக்காக ஆட்டுக்கிடை போடச் சொல்லி ராமநாதபுரத்துக்காரர்களிடம் பேசியிருக்கிறேன்.