துரு ஏறாத ஆணிகள்

கேள்வி: என் கணவருக்கு வயது 38. சென்னை லீக் ஆட்டங்களில் 14 ஆண்டுகள் வேகப்பந்து வீசியவர். தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் அண்ணனின் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை இருந்தும் போக மறுக்கிறார். ஊர்ப் பையன்கள் கூப்பிட வந்தால், தோளுக்கு ஆகாது என்று பயந்து, ‘அவர் இல்லை’ என்று நானே சொல்லி அனுப்பிவிடுகிறேன். வெள்ளிதோறும், பந்து வீசும்போது போட்ட ஆணி வைத்த பழைய ஸ்பைக்ஸ் ஷூவை எடுத்து, ஆணிகளைச் சுரண்டி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கிரிக்கெட்டை அவர் மறக்க என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தொண்டி.

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஸ்பைக்ஸைப் பற்றிய வரியைத்தான். ஜன்னல் கம்பிகூடப் பொரிந்து உதிரும் உப்புக்காற்றில், இரண்டு ஆண்டுகளாக ஒருவர் அந்த ஆணிகளில் துரு ஏறவிடாமல் காத்துவருகிறார் என்றால், அவர் விளையாட்டை விட்டுவிட்டார் என்று என்னால் எண்ண முடியவில்லை. ஆகவே மறக்கச் சொல்லாதீர்கள். ஓய்ந்தது அவருடைய தோள் மட்டும்தான். எந்தப் பிட்சில் எந்த அளவில் பந்தைக் குத்த வேண்டும் என்ற அறிவு அப்படியே இருக்கிறது.

வெங்கட்ராகவனை நினைத்துப் பாருங்கள். 57 டெஸ்ட்களில் 156 விக்கெட் எடுத்தவர். 1975, 1979 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளிலும் இந்தியாவின் கேப்டன். 1983இல் கடைசி டெஸ்டை ஆடியவர், பத்து ஆண்டுகள் கழித்து, 1993இல், டெஸ்ட் நடுவராக மைதானத்துக்குள் வந்தார். கேப்டனாக இருந்த ஒருவர், நோ பால் பார்ப்பதற்காக நாள் முழுவதும் வெயிலில் நிற்க முன்வந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். அப்படி அவர் நின்ற டெஸ்ட்கள் 73, ஆடியவற்றைவிட அதிகம். உங்கள் கணவரைப் போல வேகப்பந்து வீசிய டி.ஏ.சேகர் ஆடியது இரண்டே டெஸ்ட்கள். ஆனால் 1987இல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் அவரிடம் கற்றுச் சென்றவர்கள் பலர்.

இவற்றைச் சொல்வது, நாளையே வருமானம் வரும் என்ற நம்பிக்கையைத் தருவதற்காக அல்ல. இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் ஓய்வூதியம் சர்வதேச, முதல்தர ஆட்டங்களில் ஆடியவர்களுக்கே உரியது. லீக்கோடு நின்றவருக்கு அது இல்லை. பதினான்கு ஆண்டுகள் பந்து வீச வைத்தவர்களில் ஒருவர்கூட ‘அடுத்து என்ன செய்யப் போகிறாய்’ என்று அவரிடம் கேட்கவில்லையே என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. எனவே வீட்டுச் செலவுக்கு ஐஸ் கம்பெனி வேலை வேண்டும். ஆனால் அந்த அழைப்பு உங்கள் வாயால் போகக் கூடாது. உங்கள் அண்ணனே வீட்டுக்கு வந்து, சம்பளம் இவ்வளவு என்று வெளிப்படையாகப் பேசி, முறையாக அழைக்க வேண்டும். மச்சினன் தயவில் பிழைக்கிறோம் என்ற எண்ணம் ஓர் ஆட்டக்காரரை எவ்வளவு வாட்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

இடையில் மாநிலச் சங்கம் நடத்தும் நடுவர் தேர்வுக்கோ, பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரப் பயிற்சியாளர் படிப்புக்கோ அவர் தயாராகலாம். அவர் சரியாக உறங்காமல், உண்ணாமல், எவரிடமும் பேசாமல் இருந்தால் மட்டும் தாமதிக்காமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடுவதால் ஐஸ் கம்பெனியிலும் வேலை குறையும். பையன்கள் டென்னிஸ் பந்தோடு பொட்டலுக்குப் போவதும் அப்போதுதான். அவர் பந்து வீச வேண்டியதில்லை, ஓரமாக நின்று ஒரு பையனின் மணிக்கட்டைத் திருத்தினால் போதும். இந்த முறை அவர்கள் வாசலில் வந்து நின்றால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள், அவரே எழுந்து வந்து சொல்லட்டும்.