ரிப்போர்ட்ல மியூட்டேஷன் பேர் என்ன? டார்கெட்டட் மருந்து பத்தி கேள்வி பதில்

கேள்வி நிறைய வந்திருக்கு. நான் பினாங்குல புற்றுநோய் மியூட்டேஷன் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை செய்யறேன், டாக்டர் இல்ல. டோஸ் எவ்ளோன்னு கேட்டா பதில் வராது, ரிப்போர்ட்ல இருக்கறத விளக்கறேன். மியூட்டேஷன்னா ஜீன்ல வந்த மாற்றம், டார்கெட்டட் மருந்துன்னா அந்த மாற்றத்தைக் குறி வெச்சு அடைக்கற மருந்து. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னாடி கேட்டவங்க ஊர் பேரு இருக்கு.

பட்டர்வொர்த்: அக்கா, அம்மாவுக்கு நுரையீரல் புற்று, சிகரெட் பக்கமே போனதில்ல. "இஜிஎஃப்ஆர் எக்சான் 19 டெலிஷன்" இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. நல்லதா கெட்டதா?

நோய் வந்தது கெட்டதுதான் மா, ஆனா வந்த நோய்க்குள்ள இது கொஞ்சம் வழி இருக்கற வகை. இஜிஎஃப்ஆர்னா செல்லோட மேல்தோல்ல நிக்கற ஒரு புரோட்டீன். வெளிய இருந்து "வளரு"ன்னு சிக்னல் வந்தா இது ஆன் ஆகி, உள்ள ராஸ், ராஃப், மெக், எர்க்னு ஒண்ணு ஒண்ணா கைமாத்தி செல்லோட நியூக்ளியஸ் வரைக்கும் கொண்டு போகும், செல் ரெண்டா பிரியும், வேலை முடிஞ்சதும் ஆஃப் ஆயிடும். அம்மாவோட கட்டியில அந்த ஜீன்ல ஒரு சின்ன துண்டு விழுந்து போச்சு. அதனால வாசல் பெல்லை யாரோ டேப் போட்டு அமுக்கி வெச்ச மாதிரி, ஆளே வராம அடிச்சுக்கிட்டே இருக்கு. ஆனா அந்த செல் உயிரோட இருக்கறதுக்கே இந்த ஒரு சிக்னலைத்தான் நம்பி இருக்கு, அதை நிறுத்தினா செல் செத்துடும். ஜெஃபிடினிப், எர்லோட்டினிப், ஒசிமெர்டினிப் எல்லாம் இங்கதான் போய் அடைக்குது. ஆசியாவுல சிகரெட் பிடிக்காத பெண்களுக்கு வர்ற நுரையீரல் புற்றுல இந்த மியூட்டேஷன் ரொம்ப சகஜம்.

எந்த மாத்திரைன்னு ஆன்காலஜிஸ்ட் (புற்றுநோய் டாக்டர்) சொல்லுவாரு. வீட்ல வேற என்ன மாத்திரை, என்ன வேர், என்ன ஜூஸ் குடிக்கறாங்கன்னு மொத்தமா எழுதி ஃபார்மசிஸ்ட்கிட்ட காட்டுங்க. இதை இன்னும் பல தடவ சொல்லுவேன்.

செந்தூல்: அப்பாவுக்கு ஜெஃபிடினிப் நல்லா கேட்டுச்சு, இப்ப மறுபடி கட்டி வளருது. ரத்த டெஸ்ட்ல டி790எம் இல்லன்னு வந்துச்சு. அவ்ளோதானா?

இல்ல, அவ்ளோதான்னு விட்டுடாதீங்க. டி790எம்னா அதே இஜிஎஃப்ஆர்ல வர்ற இன்னொரு மியூட்டேஷன். ஜெஃபிடினிப் மாதிரி பழைய மாத்திரை கேக்காம போறவங்கள்ல சுமார் பாதி பேருக்கு டி790எம்தான் காரணம், அது இருந்தா ஒசிமெர்டினிப் கேக்கும். ரத்தத்துல கட்டியோட டிஎன்ஏ கொஞ்சமாத்தான் மிதக்கும், சில கட்டி கொட்டவே கொட்டாது. அதனால ரத்தத்துல "இருக்கு"ன்னு வந்தா நம்பலாம், "இல்ல"ன்னு வந்தா முடிவு இல்ல. கட்டியில இருந்து திரும்ப பயாப்சி எடுக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

ஜெலுத்தோங்: மார்பக புற்று, ஹெர்2 ஸ்கோர் 2 பிளஸ். ஹெர்செப்டின் போடலாமா?

ஹெர்2-வும் இஜிஎஃப்ஆர் மாதிரி செல் மேல நிக்கற புரோட்டீன், அது ரொம்ப அதிகமா இருந்தாத்தான் அதை அடைக்கற ஹெர்செப்டின் போடுவாங்க. 2 பிளஸ்னா அதிகமா இல்லையான்னு இன்னும் தெரியல. ஃபிஷ் மாதிரி ஜீன் எத்தனை காப்பி இருக்குன்னு எண்ணற டெஸ்ட் போகணும், அது வந்த பிறகுதான் முடிவு.

கே.எல்.ல பயோடெக் படிக்கற தம்பி: மியூட்டேஷன்தானே முக்கியம், கட்டி எங்க இருந்தா என்ன? பிராஃப் வி600இ இருந்தா எல்லாருக்கும் ஒரே மருந்து குடுக்கலாமே?

இதுக்கு நான் உக்காந்து எழுதுவேன் தம்பி. பிராஃப்னா மேல சொன்ன ராஃப் வகையில ஒண்ணு, வி600இ அதுல வர்ற ஒரு மியூட்டேஷன். பிராஃபை அடைக்கற வெமுராஃபெனிப் 2011-ல அமெரிக்காவுல மெலனோமாங்கற தோல் புற்றுக்கு அனுமதி வாங்குச்சு, சுமார் பாதி பேருக்கு கட்டி சுருங்குச்சு. அதே மியூட்டேஷன் இருக்கற பெருங்குடல் புற்றுக்கு 21 பேர்கிட்ட பார்த்தாங்க, சுருங்கினது ஒருத்தருக்குத்தான். ஏன்னு 2012-ல நெதர்லாந்து குழு ஒண்ணு காட்டுச்சு: கீழ எர்க் ஓடிக்கிட்டு இருக்கும்போது மேல இருக்கற இஜிஎஃப்ஆரை அதுவே பிரேக் போட்டு வெச்சிருக்கும், நாம பிராஃபை அடைச்சதும் எர்க் இறங்குது, பிரேக் போயிடுது, இஜிஎஃப்ஆர் எழுந்து வேற வழியா சிக்னலை ஓட்டுது. மெலனோமா செல்லுல இஜிஎஃப்ஆர் ரொம்ப கம்மி, குடல் செல்லுல நிறைய. அதான் வித்தியாசம். 2020-ல பிராஃபை அடைக்கற என்கோராஃபெனிப்போட இஜிஎஃப்ஆரை அடைக்கற செட்டுக்சிமாப்பையும் சேர்த்து, ரெண்டு பக்கமும் அடைக்கற மாதிரி அனுமதி வந்துச்சு.

அதே தம்பி: அக்கா, 2018-ல லாரோட்ரெக்டினிப்புக்கு எந்த உறுப்புன்னு பாக்காமதானே அனுமதி குடுத்தாங்க?

குடுத்தாங்க, என்டிஆர்கே ஃப்யூஷனுக்கு (அந்த ஜீன் வேற ஜீனோட ஒட்டிக்கறது) அது சரிதான். ஆனா அந்த ஒண்ணை வெச்சு எல்லாத்துக்கும் நீட்ட முடியாது. 2022-ல டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் ஜோடிக்கு பிராஃப் வி600இ இருக்கற பல கட்டிகளுக்கும் அனுமதி வந்துச்சு, பெருங்குடலை மட்டும் தள்ளி வெச்சுட்டாங்க. உன் கேள்விக்கு பதில் அந்த ஒரு வரியிலயே இருக்கு. மியூட்டேஷன் முக்கியம்தான், எந்த செல்லுக்குள்ள உக்காந்திருக்குங்கறதும் அதே அளவு முக்கியம்.

நடுவுல ஆயர் ஈத்தாம்ல இருந்து ஒருத்தர்: அப்ப மூணு மருந்தா போட்டா இன்னும் நல்லா கேக்காதா?

போட்டுப் பார்த்தாங்க அண்ணே. குடல் புற்றுக்கு என்கோராஃபெனிப், செட்டுக்சிமாப் ரெண்டோட மெக்கை அடைக்கற பினிமெட்டினிப் சேர்த்தாங்க, ஆயுள் கணக்குல ரெண்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியல, பக்கவிளைவுதான் கூடிச்சு. அதனால ரெண்டோட நிறுத்திக்கிட்டாங்க.

கிள்ளான்: பெலாலாய் காஜாங்கற மூலிகை இலையை பச்சை ஆப்பிளோட அடிச்சு குடிச்சா கேன்சர் போகுமாமே?

லேப் டிஷ்ல செல் செத்துச்சுன்னு காட்டற ஆராய்ச்சி இருக்கு. டிஷ்ல உப்பு கொஞ்சம் கூடினாலும் செல் சாகும். மனுஷன் உடம்புல இது நோயை குணமாக்கும்னு நிரூபணம் இல்ல. இதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க, கெஞ்சி கேக்கறேன்.

பூச்சோங்: மஞ்சள்?
செபெராங் ஜெயா: துரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலை?
ராவாங்: பெலாலாய் காஜா காப்சூல்?

மேல இருக்கறத படிங்க. மூணுக்கும் அதே பதில்தான்.

ஈப்போ: தம்பிக்கு இமாட்டினிப்ங்கற டார்கெட்டட் மாத்திரை குடுத்திருக்காங்க. பழம் எல்லாம் சாப்பிடலாமா?

பழம் நல்லது, கிரேப்ஃப்ரூட் மட்டும் கூடாது. உங்க ஊரு தம்புன் லீமாவ் பாலியும் (பம்ளிமாஸ்) அதே குடும்பம்தான், அதையும் தள்ளி வைங்க. ரெண்டுலயும் இருக்கற சில பொருள் மருந்தை உடைக்கற என்சைமை அடைச்சுடும், ரத்தத்துல மருந்து கூடிப் போகும். மாத்திரையை வயிறு நிறைய சாப்பாட்டோட, ஒரு பெரிய கிளாஸ் தண்ணியோட போடச் சொல்லுங்க.

செராஸ்: மாமாவுக்கு கணையத்துல கேராஸ் ஜி12டி. சோட்டோராசிப் கேக்குமா?

கேக்காது. கேராஸ்னா மேல சொன்ன ராஸ்ல ஒண்ணு, ஜி12டியும் ஜி12சியும் அதுல ஒரே இடத்துல வர்ற வேற வேற மாற்றம். சோட்டோராசிப் ஜி12சிக்கு மட்டும் செஞ்சது, அந்த இடத்துல வர்ற சிஸ்டீன்ங்கற அமினோ அமிலத்தைத்தான் பிடிக்கும், ஜி12டியில அது இல்ல.

பாயான் பாரு: மாத்திரை விலை கட்டுப்படியாகல.

இது என் துறை இல்ல. அரசாங்க ஆஸ்பத்திரியில மருத்துவ சமூகப் பணி பிரிவு இருக்கும், அங்க போய் தாபோங் பந்துவான் பெருபாத்தான் (மருத்துவ உதவி நிதி) பத்தி கேளுங்க, இன்னிக்கே போங்க.

பட்டர்வொர்த், மறுபடி: அம்மாவுக்கு எர்லோட்டினிப் எழுதியிருக்காங்க. கேஸ்ட்ரிக்குக்கு ஒமெப்ராசோல் தினம் போடுவாங்க, பரவாயில்லையா?

பாத்தீங்களா, இதுக்குத்தான் லிஸ்ட் எழுதுங்கன்னேன். வயித்துல ஆசிட் குறைஞ்சா எர்லோட்டினிப் சரியா கரையாது, ஒமெப்ராசோலோட போட்டா உடம்புக்குள்ள போற மருந்து கிட்டத்தட்ட பாதியா குறையும். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, முதல் மாத்திரை போடறதுக்கு முன்னாடி ஃபார்மசிக்கு போன் பண்ணி கேளுங்க, வேற கேஸ்ட்ரிக் மருந்து மாத்தி நேரம் தள்ளி குடுப்பாங்க.