ஸ்டூடியோக்காரரின் யாஷிகாவை வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் மூடிவிட்ட ஸ்டூடியோ ஒன்றின் உரிமையாளர் யாஷிகா மேட் 124ஜி ஃபிலிம் கேமராவை விற்கிறார். பல வருடமாகத் தோல் உறையோடு பீரோவில் இருந்ததாம். "மீட்டர் வேலை செய்கிறது, ஜி என்றால் தங்கம்" என்று விலையை ஏற்றுகிறார். எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகர், மதுரை

பதில்: தங்கம் உண்டு, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் மின்தொடர்புகளில் பூசிய முலாமாக மட்டும். படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த மீட்டருக்கான 1.35 வோல்ட் பாதரச பேட்டரியும் இப்போது கிடையாது. வேறு பேட்டரியில் முள் ஆடினாலும் அளவை அப்படியே நம்ப முடியாது. போனில் ஒரு லைட் மீட்டர் ஆப் போதும். மீட்டருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் காசு கொடுப்பது ஷட்டருக்கும் லென்ஸுக்கும்தான். வேகத்தை 1 நொடியில் வைத்து அமுக்கிக் காதருகே பிடியுங்கள். உள்ளே பல்சக்கரம் 'கிர்ர்' என்று சீராக ஓடி, டக்கென்று மூட வேண்டும். நடுவில் இழுத்தாலோ திறந்தபடி நின்றாலோ எண்ணெய் இறுகிவிட்டது என்று அர்த்தம். தினமும் ஓடிய கேமராவைவிட பீரோவில் தூங்கிய கேமராவில்தான் இந்தத் தொல்லை அதிகம். 1/500 நொடி வேகத்தில் அடித்துக் காட்டினால் அதில் மயங்காதீர்கள், இந்தக் கோளாறு மெதுவான வேகத்தில்தான் தெரியும். செல்ஃப் டைமரைத் தொடவே வேண்டாம். பழசில் அது சிக்கினால் ஷட்டரும் சேர்ந்து நின்றுவிடும்.

அப்புறம் லென்ஸ். இதில் மேலும் கீழுமாக இரண்டு உண்டு. பலரும் மேலே உள்ளதைப் பார்த்துத் திருப்தியாகிவிடுகிறார்கள். அது நாம் பார்ப்பதற்கு மட்டும். படம் பிடிப்பது கீழே உள்ளது. பின்கதவைத் திறந்து, அப்பர்ச்சரை (லென்ஸின் துவார அளவை) 3.5-ல் வைத்து, வேகத்தை 'பி'-யில் (அமுக்கியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும்) வைத்து அமுக்கிப் பிடித்தபடி முன்னாலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். தூசி தெரிந்தால் பரவாயில்லை. சிலந்தி வலைபோல் நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் லேசாக இருந்தால் மெக்கானிக் துடைத்துவிடுவார், அந்தக் கூலியை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். நடுவில் படர்ந்து கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

எல்லாம் சரியென்றால், முன்பணம் கொடுத்து ஒரு 120 ஃபிலிம் ரோல் எடுத்துப் பார்க்கக் கேளுங்கள். 12 படம்தான். கழுவிய நெகட்டிவில் படங்களுக்கு நடுவே இடைவெளி ஒழுங்காக இருக்கிறதா, ஓரத்தில் வெளிச்சம் கசிந்த கறுப்புப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கசிவு பெரும்பாலும் கதவோரப் பஞ்சு மக்கியதால் வருவது, மாற்றச் செலவு குறைவு. படத்தின் மேல் படம் ஏறியிருந்தால் சுற்றும் பாகத்தில் கோளாறு. அதற்கு நான் பணம் போட மாட்டேன்.

வாங்கினால் அந்தத் தோல் உறையில் மட்டும் திரும்ப வைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சையை வளர்ப்பதே அதுதான். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.